சொத்துத் தகராறு என்னும் கோப்புறை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தில் இருந்தவர்கள்:

பிரமநாயகம், அண்ணன். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். சன்னலோர நாற்காலியில்.

திரவியம், தம்பி. தாலுகா அலுவலகப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணனைப் பார்க்காத மாதிரி திருப்பிப் போட்ட நாற்காலியில்.

வடிவு, அண்ணன் மனைவி. அடுக்களை வாசலில், கையில் கரண்டியோடு.

உலகம்மாள், தம்பி மனைவி. வடிவுக்குப் பக்கத்தில், கரண்டி இல்லாமல்.

ஐயாக்குட்டி, கொத்தனார். கையில் நூல்கண்டும் சுண்ணாம்புக் கட்டியும்.

ரெக்ஸ்லின், மனையகம் நிறுவனத்தின் சேவைப் பிரிவிலிருந்து வந்திருக்கும் பெண். வயது முப்பதுக்குள். ஊர் மார்த்தாண்டம்.

மேசைக் கணினி. இதை ஆட்களோடு சேர்க்கலாமா என்று கேட்கலாம். இரண்டு மாதமாக அந்த வீட்டில் பேசியதில் பாதி அதுதான்.

"நூலு பிடிக்கவா, வேண்டாமா? ஒரு முடிவு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் ஐயாக்குட்டி. "முற்றத்துல செங்கல் வந்து எறங்கி நாலு நாளாச்சு. தெருநாயி அதுல குட்டி போட்டுட்டு."

"பிடி" என்றார் பிரமநாயகம்.

"அந்தப் பிள்ளை வந்த வேலைய முடிக்கட்டும்" என்றார் திரவியம் சுவரைப் பார்த்து.

சுவரைப் பார்த்துப் பேசுவது திரவியத்துக்குப் பழகிவிட்டது. அண்ணனிடம் நேரே பேசினால் அது வாக்குமூலமாகிவிடும் என்று கணினி எச்சரித்திருந்தது. சுவரிடம் பேசினால் ஆகாதாம். அதையும் அதனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

அந்த வீட்டில் சொத்துத் தகராறு என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்பா விட்டுப்போன வீடு, மேலே பிற்பாடு கட்டிய மாடி, ஒரே அடுக்களை, ஒரே உலை. அண்ணன் தம்பி இருவரும் ராத்திரி ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பெரிய பாசம் என்று சொல்ல முடியாது. பேருந்துக் கதையை அண்ணன் சொல்வார், தம்பி கேட்காமல் தலையாட்டுவார். ரசம் வரும்போது இருவரும் ஒரே நேரத்தில் தட்டைச் சாய்ப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் திரவியத்துக்கு அது இல்லாமல் உறக்கம் வராது. இது அவருக்கே இரண்டு மாதத்துக்கு முன்புதான் தெரிந்தது.

வீட்டுக்கொரு கணினி கட்டாயம் என்று சட்டம் வந்தபோது கீழச்சீவலூரில் யாரும் கவலைப்படவில்லை. கணினி எதற்கு, மூலையில் கிடக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள். பழைய காலத்துக் கணினி முதல்முறை திறந்ததும் தானாகவே நாலு கோப்புறை போட்டு வைக்கும்: ஆவணங்கள், படங்கள், இசை, பதிவிறக்கங்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் அதே நாலுதான், மொழி மட்டும் மாறும். சட்டப்படி வீட்டுக் கணினி செய்து கொடுத்த மனையகம் நிறுவனத்துக்கு இது போதவில்லை. பெயரை மொழிபெயர்த்தால் மட்டும் ஒரு வீட்டுக்கு ஏற்றதாகிவிடுமா என்று கேட்டார்கள். அந்த ஊரில், அந்தத் தெருவில், அந்த வயதில் இருப்பவன் எதைச் சேர்த்து வைப்பானோ அதற்கல்லவா கோப்புறை வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சிக்கல் என்னவென்றால், வங்கியிலிருந்து நீதிமன்றம் வரை எல்லாரும் அந்தக் கோப்புறைகளைத்தான் நேரடியாகப் படித்தார்கள். காலியாகக் கிடந்தால் அதன் மேல் சிவப்புப் புள்ளி மின்னும். கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, நிரப்புவதற்குக் கணினியே உதவிக்கு உட்கார்ந்துவிடும்.

எதிர்வீட்டு ஆறுமுகப் பெருமாளுக்கு 'சர்க்கரை நோய்' என்று ஒரு கோப்புறை வந்தது. சட்டைப் பையில் முறுக்கோடு திரிந்த மனிதர். காலியாக இருக்கிறதே என்று பரிசோதனைக்குப் போனார், கிடைத்துவிட்டது. மூலைவீட்டுத் தையல்காரிக்கு 'துபாய்' வந்தது. அவள் புருசன் உள்ளூரில் நிம்மதியாகத் தேநீர்க் கடை வைத்திருந்தவன். அடுத்த மாதம் அவன் துபாயில் இருந்தான். ஏன் போனான் என்று அவனுக்கே இன்னும் சரியாகத் தெரியாது.

இந்த வீட்டுக்கு வந்தது 'சொத்துத் தகராறு'.

வந்த அன்று நால்வரும் சிரித்தார்கள். பிரமநாயகம் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். திரவியத்தால் மட்டும் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. சிவப்புப் புள்ளி உறுத்தியது. பதிவறையில் அவர் இருந்த காலத்தில் வெறும் உறை அலமாரியில் ஏறியதில்லை. மேலிடம் எதையாவது கேட்டு, சொல்ல எதுவும் இல்லையென்றால், இல்லை என்பதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் இன்மை அறிக்கை. வெள்ளச் சேதம் இல்லை, யானை புகவில்லை, கள்ளச்சாராயம் இல்லை என்று அவர் எழுதிய இன்மை அறிக்கைகளை அடுக்கினால் மாடிக்குப் படிக்கட்டே வேண்டாம்.

ஆகவே எழுதினார். 'மேற்படி வீட்டின் பேரில் எவ்விதத் தகராறும் இல்லை என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது. இப்படிக்கு, திரவியம்.' கோப்புறைக்குள் போட்டார். சிவப்புப் புள்ளி அணைந்தது. நிம்மதியாகப் போய்ப் படுத்தார்.

மறுநாள் பிரமநாயகம் தன் பெயரில் உள்ளே நுழைந்தபோது கணினி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது: "உங்கள் தம்பி, உங்கள் கையொப்பம் பெறாமல், வீட்டைப் பற்றி ஓர் அறிக்கை தாக்கல் செய்திருக்கிறார். உங்களுக்குத் தெரியுமா?"

பிரமநாயகத்துக்குத் தெரியாது. அங்கிருந்துதான் எல்லாம்.

ரெக்ஸ்லின் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நோட்டீசு, பதில் நோட்டீசு, அதற்கு மறுப்பு, மறுப்புக்கு ஆட்சேபம். எல்லாம் ஒரே கணினியிலிருந்து புறப்பட்டு அதே கணினிக்கு வந்து சேர்ந்தவை.

"இவ்வளவும் நீங்களா எழுதினீங்க அங்கிள்?"

"நான் எங்க எழுதினேன்? அது எழுதிட்டு, சரியான்னு கேக்கும். சரிம்பேன்" என்றார் பிரமநாயகம்.

"நானும் சரின்னுதான் சொன்னேன்" என்றார் திரவியம். "அண்ணனுக்கு மட்டும் எழுதிக் குடுத்துட்டு எனக்கு எழுதாம விட்டா நல்லாருக்காதுன்னு அதுவே சொல்லிச்சு."

"சண்டை எதப் பத்தி?"

இருவரும் யோசித்தார்கள்.

"கையெழுத்து வாங்கல்லா" என்றார் பிரமநாயகம்.

"சண்டை இல்லைன்னு எழுதினதுக்கு எதுக்குக் கையெழுத்து?"

"சண்டை இல்லைன்னு நீ மட்டும் எப்பிடிலே முடிவு பண்ணலாம்? நான் மூத்தவன். சண்டை இல்லைன்னா அத நான்லா சொல்லணும்."

"பாத்தியாம்மா" என்றார் திரவியம் ரெக்ஸ்லினிடம்.

வடிவு கரண்டியை அசைத்தாள். "ஏம்மா, எங்க வீட்டுக்கு எதுக்கு இந்தக் கருமத்தப் போட்டீங்க? வேற நல்லதா ஒண்ணும் இல்லியா? கோயில், குளம்னு?"

"இது நாங்க போடுறதில்ல ஆன்ட்டி. இந்த வட்டாரத்துல ரெண்டு வாரிசு உள்ள வீட்ட எடுத்துப் பாத்தா முக்காவாசி வீட்டுல இந்த மாதிரி ஒரு காகிதக் கட்டு இருந்திருக்கு. அப்ப மிச்ச வீட்டுக்கும் வேணும்னு மென்பொருள் நினைக்குது."

"மிச்ச வீடு நிம்மதியா இருக்குன்னு நினைக்கக் கூடாதா?"

"நிம்மதிக்குக் காகிதம் இல்லல்லா ஆன்ட்டி. காகிதம் இல்லாதது அதுக்குத் தெரியாது."

"அழிச்சுப் போடு" என்றாள் உலகம்மாள்.

"அழிக்கலாம். அடுத்த தடவ திறந்தா திரும்ப வந்துரும். உள்ள சரக்கு இருந்தா அழியவும் செய்யாது."

ஐயாக்குட்டி இதற்குள் நூலைக் கட்டிவிட்டார். கூடத்தின் நடுவில் சாப்பாட்டு மேசைக்கு மேலாக அது அடுக்களைக்குள் போனது. அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அளவு சரியா வருது. அடுப்பு அண்ணாச்சி பக்கம். தண்ணிக் குழாய் தம்பி பக்கம்."

"அப்ப நான் என்ன, தண்ணியில்லாமச் சோறு வடிக்கவா?" என்றாள் வடிவு.

"நான் தண்ணியத் தின்னவாக்கா?" என்றாள் உலகம்மாள்.

"சுவத்துல ஒரு ஓட்ட விட்டுக் குடுத்துருதேன். அந்தப் பக்கத்துலருந்து செம்புல ஊத்துனா இந்தப் பக்கம் வரும்" என்றார் ஐயாக்குட்டி. நாற்பது வீடு பிரித்த அனுபவம் அவருக்கு. எல்லாவற்றிலும் ஓட்டை விட்டிருக்கிறார்.

திரவியம் நூலைப் பார்த்தார். மேசையில் அவர் உட்காரும் இடம் அந்தப் பக்கமும் அண்ணன் உட்காரும் இடம் இந்தப் பக்கமுமாக விழுந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு மாதமாக அவர் முன்னால் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொள்ள, அண்ணன் பின்னால் வந்து சாப்பிடுகிறார். ரசத்தை யாரோடும் சேராமல் குடிக்கப் பழகவில்லை. நாளைக்கு அங்கே செங்கல் நிற்கும்.

"ஒரு வழி இருக்கு" என்றாள் ரெக்ஸ்லின். "வட்டாரத்த மாத்திரலாம். நீங்க வேற ஊர்ல இருக்குறதா அதுக்கிட்டச் சொல்லிட்டா, அந்த ஊருக்கு ஏத்த பேரா மாத்தும். உள்ள கெடக்குற காகிதம் புதுப் பேருக்குக் கீழ போயிரும். அப்புறம் அத வச்சு அது வழக்கு நடத்தாது."

"நடக்குமா?" என்றார் திரவியம். நாற்காலியை அரைவட்டம் திருப்பிவிட்டார்.

அவள் சென்னை என்று அழுத்தினாள். திரை ஒரு சுற்றுச் சுற்றியது. சொத்துத் தகராறு இருந்த இடத்தில் 'முதியோர் இல்லம்: கட்டண ஒப்பீடு' என்று வந்தது.

"மாத்து, மாத்து" என்றாள் வடிவு.

கோயம்புத்தூர். 'புதிய தொழில்: கூட்டாளிகள்.'

"இது பரவால்ல போலிருக்கே" என்றாள் உலகம்மாள்.

"இவங்க ரெண்டு பேரும் கூட்டாளியாத் தொழில் பண்ணவா? அதுக்குச் சுவரே தேவல" என்றாள் வடிவு.

உதகமண்டலம். 'கம்பளி உடைகள்.'

கம்பளியை வைத்து யாரும் யாரையும் எதுவும் செய்ய முடியாது என்று திரவியத்துக்குத் தோன்றியது. இரண்டு மாத நோட்டீசுகள் கம்பளி உடைகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். கணினி ஒருவேளை குல்லாய் வாங்கச் சொல்லும். வாங்கிக்கொள்ளலாம்.

"இதுவே இருக்கட்டும்" என்றார்.

"ரெண்டு பேரும் சம்மதிக்கணும்" என்றாள் ரெக்ஸ்லின். திரையில் கேள்வி வந்தது. 'நீங்கள் புதிய வட்டாரத்தில் இருக்கிறீர்கள். பழைய பெயர்களை வைத்துக்கொள்ளவா, மாற்றவா?' திரவியம் எழுந்து போய் 'மாற்று' என்பதை அழுத்தினார். அடுத்து அண்ணன் முறை.

பிரமநாயகம் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அண்ணாச்சி, உங்களத்தான்" என்றார் ஐயாக்குட்டி.

"நான் எதுக்கு மாத்தணும்? எழுவத்தொரு சதவீதம்னு சொல்லுது."

"என்னது?"

"நான் ஜெயிக்கதுக்கு. போன வாரம் அறுவத்தெட்டு. ஏறுது."

"ஜெயிச்சு என்ன செய்யப் போறிய?" என்றாள் வடிவு.

பிரமநாயகம் ரெக்ஸ்லின் பக்கம் திரும்பினார். "அம்மா, இவன் பத்தாம் வகுப்புல பள்ளிக்கூடத்துலேயே முதல். நான் ரெண்டு தடவ எழுதினேன். இவனுக்குச் சர்க்கார் வேல. எனக்கு விசிலு. சீட்டாட்டம், பல்லாங்குழி, எதுல உக்காந்தாலும் இவன்தான். தலமுடி கூட இவனுக்குத்தான் இன்னும் இருக்கு, பாத்துக்க. இது ஒண்ணுலதான் நான் முன்னால போய்க்கிட்டு இருக்கேன். இதப் போயி கம்பளியா மாத்தச் சொல்லுத."

சீட்டாட்டத்தில் திரவியம் கள்ள ஆட்டம் ஆடியிருக்கிறார். அதைச் சொல்ல இது நேரமில்லை.

அவர் பதிவறை மூளை வேறு பக்கம் வேலை செய்தது. இரண்டு பேர் இருப்பதால்தான் சுவர். வீடு ஒருவர் பெயரில் போய்விட்டால் எதற்குச் சுவர்? அண்ணன் ஜெயிக்கட்டும். வீடு அண்ணனுடையது. தம்பி அண்ணன் வீட்டில் இருக்கிறான். உலகத்தில் நடக்காததா? மேசை முழுசாக இருக்கும். அடுப்பும் குழாயும் ஒரே அறையில் இருக்கும். ராத்திரி ரசம் வரும்.

"விட்டுக்குடுக்கதுக்கு எதுவும் பொத்தான் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு அங்கிள். ஆனா முழுசாப் படிச்சுட்டு…"

"நான் படிக்காத காகிதமா?" என்று சொல்லிவிட்டுப் படிக்காமல் அழுத்தினார்.

உலகம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வடிவு அவள் கையைப் பிடித்தாள். திரையில் மாலை ஒன்று சுழன்று வந்து பிரமநாயகத்தின் புகைப்படத்தின் மேல் விழுந்தது. இறந்துபோனவர் படம் மாதிரி இருந்தது. நாதசுரம் கொஞ்சம் ஒலித்தது. "வாழ்த்துகள். எதிர்த்தரப்பு விலகிக்கொண்டது. வெற்றி நூறு சதவீதம்."

பிரமநாயகம் எழுந்து வந்து திரையைப் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்" என்றார் திரவியம். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "ஜெயிச்சுட்டீங்க."

"நீ விட்டுக்குடுத்துட்ட. அது எப்பிடி ஜெயிச்சதாகும்?"

"கணக்குல அப்பிடித்தான்."

பிரமநாயகத்தின் முகம், கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிப்போன பேருந்து மாதிரி ஆகிவிட்டது. திரவியத்துக்கு ஒருபுறம் சங்கடமாக இருந்தது, மறுபுறம் பசித்தது. "ஐயாக்குட்டி, நூல அவுத்துருங்க. செங்கலுக்கு ஒரு வழி பண்ணுவோம், வாங்க" என்று கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. செங்கல் அடுக்குக்குள் நாய்க்குட்டிகள் முனகின. ஐயாக்குட்டி தலையைச் சொறிந்தார். "நாப்பது வீடு பாத்துட்டேன். சுவர் வேண்டாம்னு சொன்ன வீடு இதான் தம்பி. எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"உங்களுக்கு நட்டமா?"

"நட்டம்தான். ஆனா அது வேற."

சன்னல் வழியாகக் கணினியின் குரல் வந்தது. திரவியம் திரும்பிப் பார்க்கவில்லை. வெற்றிச் சான்றிதழ் ஏதாவது வாசிக்கும் என்று நினைத்தார்.

"இந்தக் கோப்புறையில் தற்போது எதிர்த்தரப்பு இல்லை" என்றது குரல். "எதிர்த்தரப்பு இல்லாத தகராறு காலியாகக் கருதப்படும். உங்கள் வட்டாரத்தில் சகோதரருக்கு அடுத்தபடியாக வழக்கமாக வருபவர் மனைவி. தொடரவா?"

"அங்கிள், அழுத்தாதீங்க" என்ற ரெக்ஸ்லின் குரல் கேட்டது. அதற்கு முன்பே சொடுக்கும் ஓசை கேட்டுவிட்டது. திரையில் எது வந்தாலும் அது மறையும்வரை அழுத்துவது பிரமநாயகத்தின் வழக்கம்.

"நன்றி. வாதி, பிரமநாயகம். பிரதிவாதி, வடிவு. முதல் நோட்டீசு. மாடிப் பகுதி முழுவதும் வாதியின் சொந்த உழைப்பில் கட்டப்பட்டது. அதற்காகப் பிரதிவாதியின் நகைகள் விற்கப்பட்டன என்பதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. ஆகவே பிரதிவாதிக்கு அதில் எவ்வித உரிமையும் இல்லை. சரியா?"

இந்த முறை ஒரு இடைவெளி இருந்தது. திரவியம் சன்னல் பக்கம் திரும்பினார். மதினியின் அட்டிகையும் ஆறு வளையலும் போன நாள் அவருக்கு நினைவிருந்தது. வளையல்களைக் கடைக்குக் கொண்டுபோனதே அவர்தான். இல்லை என்று சொல்லுங்க அண்ணே என்று மனதுக்குள் சொன்னார்.

"அது… ஆதாரம்னு பாத்தா…" என்றது பிரமநாயகத்தின் குரல்.

ரசீது இல்லை என்பதைத்தான் அவர் சொன்னார் என்பது திரவியத்துக்குப் புரிந்தது. கணினிக்கு அது புரிய வேண்டிய அவசியம் இல்லை. "ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெற்றி வாய்ப்பு, எண்பத்திரண்டு சதவீதம்."

உள்ளே கரண்டி தரையில் விழும் சத்தம் கேட்டது.

ஐயாக்குட்டி திரவியத்தைப் பார்த்தார். "நூல அவுக்கவா, இருக்கட்டுமா?"

"பேசாம இரும் வே."

முதலில் ரெக்ஸ்லின் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாள் என்று எதிர்பார்த்தார் திரவியம். வரவில்லை. "நீ இரும்மா, சாப்பிட்டுட்டுப் போலாம்" என்று உலகம்மாள் சொல்வது கேட்டது. "போறதுக்கு முன்னால எனக்கும் அக்காவுக்கும் அந்தக் கணினியில ஒரு பேரு போட்டுத் திறந்து குடு. என்னென்ன வருதுன்னு பாப்போம்."

வாசலில் பிரமநாயகத்தின் முதுகு தெரிந்தது. பின்னோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். ஓடும் பேருந்தில் நாற்பது வருடம் நின்றவர் என்பதால் படியில் தடுமாறவில்லை.

"ஏளா வடிவு, அது கேட்டுச்சு, நான் சரின்னுட்டேன். அவ்வளவுதான. நான் எழுதுனதா அது?"

"நீங்க எழுதல" என்றாள் வடிவு. அவள் குரல் உயரவே இல்லை. "யாரு எழுதிக் குடுத்தாலும் சரிம்பீங்க. அதான் தெரியுதே."

"உதகமண்டலத்துக்கு வேணா மாத்திருவோம். இப்பவே அழுத்துதேன்."

"வேண்டாம். இந்த ஊரே இருக்கட்டும். எழுவத்தொண்ணு, எம்பத்திரண்டுன்னு உங்களுக்கு மட்டும்தான் சொல்லுமா? எனக்கு எவ்வளவு சொல்லுதுன்னு நானும் பாக்கேன்."

"வடிவு, சோத்து நேரம்."

"தம்பி வெளிய நிக்காரு. அவரு கூடச் சேந்து திங்க முடியலன்னுதான ரெண்டு மாசமா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க. போங்க."

பிரமநாயகம் கடைசிப் படியிலிருந்து முற்றத்தில் இறங்கினார். வெறுங்கால். தரை சுட்டதால் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். திரவியம் தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி அவர் பக்கம் தள்ளினார். பிரமநாயகம் அதில் ஏறி நின்றுகொண்டார். இருவரும் ஆளுக்கொரு செருப்பில், தோளோடு தோளாக, வீட்டைப் பார்த்தபடி நின்றார்கள்.

"எதுத்த கடையில பரோட்டா போட்டிருப்பானாலே?" என்றார் பிரமநாயகம்.

"போட்டிருப்பான். ரசம் இருக்காது."

"சால்னா இருக்கும்லா."

வடிவு கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு பூட்டில் சாவி ஒருமுறை திரும்பியது, இன்னொரு முறையும் திரும்பியது.